ஆர்

ஜனவரியில் பழைய மென்பொருளின் உரிமம் முடிந்தது.
புதுப்பிக்கக் காசில்லை என்று
ஒருவரிக் கடிதம்.
மறுநாள் நான் இறக்கிக்கொண்டது
காசு கேட்காத ஒன்று, பெயர் ஒற்றை எழுத்து.

"என்ன படிக்கிறாய்?" என்றாள் தவராணி.
"ஆர்."
"ஆரோ? நான் என்னத்தை எண்டெல்லோ கேட்டனான்."
நான்கு தலைமுறை பினாங்கில் இருந்தும்
யாழ்ப்பாணம் கரையாத வீடு அவளுடையது.
சிரித்துவிட்டு
டிங்கிக் கோப்புகளுக்குத் திரும்பினோம்.

முதல் மாதம் முழுக்கச் சிவப்பெழுத்து.
உமூர் என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்ட வயதைச்
சின்ன எழுத்தில் கேட்டால்
அப்படி ஒரு பொருளே இல்லை என்றது,
இனிஷியலோடு கூப்பிட்டால்தான் திரும்பும்
எதிர்வீட்டுக்காரரைப் போல.
அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தேன்.
கூட்டல் குறியை நீட்டிக்கொண்டு
விடியும்வரை காத்திருந்தது
இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நம்பி.
இவ்வளவு பொறுமையாய்
என்னை யாரும் கேட்டதில்லை.

இரண்டாம் சனிக்கிழமைதோறும் ஜெலுத்தோங்கில்
சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு மேல்
பதினோரு பேர். சில மாதம் நான்கு.
சுவரில் ஈரக்கறை; படம் அதன்மேல் விழுவதால்
எங்கள் வரைபடம் எல்லாவற்றிலும்
மேல் மூலையில் ஒரு தீவு.
ஹுவீ ஷின் ஆமை முட்டைகளை எண்ணுகிறாள்,
ஸுல்ஹில்மி பாலத்தில் போகும் லாரிகளை.
கைப்பேசி விற்கும் பையன் ஒருவன்
நாலு நம்பரில் ஒழுங்கு தேடி வந்தான்.
ஒழுங்கே இல்லை என்று தானே நிரூபித்துவிட்டு
இன்னும் வருகிறான், நாசி லெமாக் பொட்டலங்களோடு.
மாட்டிக்கொண்டவரின் மடிக்கணினி நடுவில் இருக்கும்.
நான்கு தலைகள் குனியும்.
மலாயில், ஹொக்கியனில், தமிழில் திட்டுவோம்;
பிழை மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

மார்ச்சில் என் முறை.
பதினாறு வட்டாரம், ஐம்பத்திரண்டு வாரம்.
சராசரி என்ன என்று கேட்டேன்.
என்.ஏ. என்றது. அவ்வளவுதான்.
எண்ணூற்று முப்பத்திரண்டு கட்டங்களில்
ஏழு காலி.
அந்த ஏழு வராமல்
மற்ற எண்ணூற்று இருபத்தைந்தும்
வாய் திறக்காதாம்.

"ட்ரூ என்று போடுங்க,
காலியை எல்லாம் கழித்துவிடும்" என்றார் ஸுல்ஹில்மி.
போட்டேன்.
இரண்டு தசமத்தோடு அழகான எண்.
யாரோ கைதட்டினார்கள்.

வாயில் சம்பலோடு ஹுவீ ஷின் கேட்டாள்,
"அந்த ஏழும் எங்கே?
எங்கள் கடற்கரையில்
எண்ணாமல் விட்ட குழிகள்தான்
திருட்டுப்போன குழிகள்."

வரிசைப்படுத்தினோம்.
ஏழும் ஒரே வட்டாரம். அடுத்தடுத்த வாரம்.
பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் பின்னால்
ஷிப்டு மாறினாலும் கட்டிலின் சூடு மாறாத
விடுதி ஒன்று.
காய்ச்சல் என்று போனால்
கடவுச்சீட்டைக் கேட்பார்கள் என்று
கிளினிக் பக்கமே போகாதவர்களா?
படிவம் நிரப்பும் ஆள் விடுப்பிலா?
தெரியாது.
அதைத்தானே அது முதலிலேயே சொன்னது.

திங்கட்கிழமை ட்ரூவை அழித்தேன்.
அதிகாரி கேட்ட எண்ணுக்கடியில்
ஏழு காலிக் கட்டங்களையும் வரைந்து அனுப்பினேன்.
"பூஜ்யம் போட்டால் என்ன குறைந்துவிடும்?"
பூஜ்யம் என்றால்
போய் எண்ணினோம், ஒருவரும் இல்லை என்று பொருள்.
நாங்கள் போகவே இல்லையே சார்.

வியாழன் மாலை போனோம், தவராணியின் ஸ்கூட்டரில்,
மழைக்கு ஒரே ஒரு கோட்டு.
வாசலில் செருப்புகள்.
நாற்பத்தொரு ஜோடி, ஓர் ஒற்றை.
எண்ணிக்கொண்டிருந்த என்னைத் தாண்டிப்போய்
இருட்டான படிக்கட்டைப் பார்த்து,
மேலே இருப்பது நேபாளமோ வங்காளமோ
அந்த நேரத்தில் மறந்துபோய்,
தன் வீட்டுத் தமிழில் கூப்பிட்டாள்:

"உள்ளுக்க ஆர்?"